மாப்பிள்ளையின் வண்டி

நவம்பர் 9

வின்னிபெக் வந்து ஐந்து நாள் ஆகிறது. தூக்கம் இன்னும் கோவில்பட்டி நேரத்துக்குத்தான் வருகிறது. கை நமநமவென்று இருந்ததால் இந்த ரிஜிஸ்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பஸ் டெப்போவில் நான் ஓய்வு பெற்ற அன்று, சால்வையோடு சேர்த்து ஸ்டோர்கீப்பர் தமாஷுக்குக் கொடுத்தது. வண்டி எண், வெளியே போன நேரம், உள்ளே வந்த நேரம், குறிப்பு என்று நாலு கட்டம். முப்பத்தோரு வருஷம் இந்தக் கட்டங்களை நிரப்பிய செண்பகவல்லி இப்போது கட்டத்தை மதிக்காமல் குறுக்கே எழுதுகிறாள். இங்கே யார் ஆடிட்டுக்கு வரப் போகிறார்கள்?

பத்து வீடுகள் ஒட்டிக்கொண்டு நிற்கிற வரிசையில் தாரணி வீடு கடைசி. முன்னால் கார்கள் நிற்பதற்கு வெட்டவெளி. கூரை என்று ஒரு தகரம்கூட இல்லை. எங்கள் வாசலுக்கு நேரே மாப்பிள்ளையின் சாம்பல் நிறக் கார். வாசலுக்கும் காருக்கும் நடுவே ஒரு சிமென்ட் நடை ஓடுகிறது. அது எங்கள் வீட்டைத் தாண்டி, வேலி இடுக்கு வழியாக பஸ் ரோட்டில் போய் முடிகிறது. மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் காரில் போகிறவர்கள். தாரணி மட்டும் காலை 6.40-க்கு அந்த இடுக்கு வழியாக பஸ்ஸுக்குப் போகிறாள்.

மாப்பிள்ளை நவநீதன் ஊரில் இல்லை. கால்கரியில் ஆபீஸ் வேலையாம். செப்டம்பர் கடைசியிலேயே விமானத்தில் போய்விட்டாராம். நான் டிக்கெட் எடுத்தது அக்டோபரில். அப்போது ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எப்ப வருவாரு?" என்று கேட்டேன்.

"அங்க வேலை முடியணும்மா" என்றாள் தாரணி. சொல்லிவிட்டு ஃபிரிட்ஜைத் திறந்து வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் எடுக்காமல் மூடினாள்.

அவளிடம் லைசென்ஸ் இருக்கிறது. ஆனால் காரைத் தொடுவதில்லை. ரோட்டில் ஓட்டுவதற்கான இன்ஷூரன்ஸை அவர் நிறுத்திவிட்டாராம், இப்போது அது நிற்கலாம், ஓடக் கூடாதாம். பனிக்காலத்தில் ஓடாத வண்டிக்கு எதற்கு என்று நினைத்திருப்பார். சிக்கனமான பிள்ளை.

நவம்பர் 14

முதல் பனி. விடிந்து பார்த்தால் வாசலெல்லாம் மாவு சலித்துக் கொட்டிய மாதிரி. கார் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை மேடு. விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு போய்ப் பரபரவென்று கூட்டினேன். பக்கத்து வீட்டு அம்மாள் கையை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தாள். விளக்குமாறு பட்டால் பெயிண்ட் கீறும் என்று சைகையில் சொல்லி, பஞ்சு வைத்த நீளமான பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பெயர் லூர்து. எங்கள் பக்கம் லூர்து இல்லாத தெருவே இல்லை என்பதால், "நீங்க தூத்துக்குடியா?" என்று கேட்டுவிட்டேன். பிலிப்பைன்ஸாம். முதியோர் இல்லத்தில் வேலை. என் இங்கிலீஷ் அவளுக்குப் புரிகிறது, அவளுடையது எனக்குப் புரிகிறது. இரண்டும் இங்கிலீஷ்காரனுக்குப் புரியுமா என்பது வேறு விஷயம்.

நவம்பர் 24

லூர்து இன்று ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தாள். வெட்டவெளியில் நிற்கிற வண்டியை இந்த ஊர்க் குளிர் சும்மா விடாதாம். பேட்டரி செத்துப்போகும், டயர் நின்ற இடத்திலேயே தட்டையாகும், வைப்பர் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் வைப்பரை எப்போதும் தூக்கி வைக்க வேண்டும். காரைப் பார்த்தால் கும்பிடுகிற மாதிரி இருக்கிறது. காரின் மூக்கிலிருந்து ஒரு பிளக் தொங்குகிறது. அதை எதிரே உள்ள கம்பத்தில் சொருகினால் இன்ஜினுக்குள் சூடு ஏறும். மூன்று மணி நேரம் சூடேற்றி, பிறகு அரை மணி ஓடவிட்டு, ஒரு அடி முன்னால், ஒரு அடி பின்னால் நகர்த்தி நிறுத்த வேண்டும். வாரம் ஒரு முறை. நகர்த்துவதை மட்டும் லூர்து செய்து தருகிறேன் என்றாள். மற்றதெல்லாம் என் பொறுப்பு.

வெள்ளிக்கிழமை என்று முடிவு செய்தேன். சாவி அடுப்படி ஆணியில் தொங்குகிறது. திருகினேன். இரண்டு தடவை முனகி மூன்றாவதில் எடுத்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் டெப்போவில் முதல் ஷிஃப்ட் கிளம்புகிற நேரம் ஞாபகம் வந்து, எனக்குக் கண் கலங்கிவிட்டது.

டெப்போவில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான். வெளியே போன வண்டி உள்ளே வரும். பஞ்சராகும், நேரம் பிந்தும், மறுநாள் காலையில்கூட வரும். ஆனால் வராத வண்டி என்று என் ரிஜிஸ்டரில் ஒன்றுகூடக் கிடையாது. வண்டியை இங்கே விட்டுவிட்டுப் போகிறவர் இங்கே வரத்தானே வேண்டும்? வந்து சாவியைத் திருகும்போது அது உறும வேண்டும். வீட்டில் நம்மை எதிர்பார்த்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும். அதற்கு மேல் ஒரு மாமியார் என்ன செய்ய முடியும்?

காரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் மாப்பிள்ளைக்கு அனுப்பினேன். "வண்டி நலம்" என்று எழுதினேன். தாரணியிடம் சொல்லவில்லை.

நவம்பர் 25

"நன்றி அத்தை" என்று பதில் வந்திருக்கிறது. பக்கத்தில் கைகூப்புகிற படம்.

டிசம்பர் 6

முழங்கால் அளவு பனி. காரைச் சுற்றி வாரியதை எங்கே போடுவது என்பதுதான் பிரச்சினை. வலப்பக்கம் லூர்துவின் கார். பின்னால் எல்லோரும் போகிற வழி. இடப்பக்கம், வீட்டைத் தாண்டி வேலியோரம் சும்மாதான் கிடக்கிறது. அங்கே ஒரு குவியலாகப் போட்டுவிட்டேன். யாருக்கும் இடைஞ்சல் இல்லை. நாலு சக்கரமும் பளிச்சென்று தெரிகிற மாதிரி வாரியிருக்கிறேன். தாரணி வந்ததும் காட்டினேன்.

"இடுப்பு போயிரும்மா" என்றாள்.

"என் இடுப்புக்கு ஒண்ணும் ஆகாது. வண்டி எப்படி நிக்கி பாத்தியா?"

"பாத்தேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

டிசம்பர் 8

6.40-க்குப் போனவள் இரண்டு நாளாக 6.25-க்கே கிளம்புகிறாள். பனிக்காலத்தில் பஸ் முன்கூட்டியே வரும் போலிருக்கிறது. டைம்டேபிளை மாற்றினால் ஒரு அறிவிப்பு ஒட்ட மாட்டார்களோ?

டிசம்பர் 12

இன்று நடந்ததை எழுதக் கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் பதிவு பதிவுதான்.

கார்க் கதவின் ரப்பர் உறைந்து ஒட்டிக்கொள்கிறது என்று லூர்துவிடம் சொன்னேன். எதையோ தடவ வேண்டும் என்று விரலால் தேய்த்துக் காட்டினாள். எண்ணெய்தான், வேறென்ன. நேற்று மத்தியானம் ஊரிலிருந்து கொண்டுவந்த தேங்காய் எண்ணெயை எடுத்து, நாலு கதவு ரப்பருக்கும் தலைக்குத் தேய்க்கிற மாதிரி அழுத்தித் தேய்த்தேன். சாவித் துவாரத்துக்குள்ளும் நாலு சொட்டு விட்டேன்.

இன்று காலை போய்ப் பார்த்தால் ஒரு கதவும் திறக்கவில்லை. எண்ணெய் வெள்ளை வெளேரென்று கட்டியாகி, சுற்றிவர மெழுகு வைத்து அடைத்த மாதிரி இருந்தது. மார்கழிக் காலையில் கோவில்பட்டியிலேயே பாட்டிலோடு உறைகிற எண்ணெய். குளிப்பதற்கு முன்னால் வெயிலில் வைத்து உருக்கி உருக்கி அறுபது வருஷம் தேய்த்திருக்கிறேன். அதை மைனஸ் இருபதில் கொண்டுபோய்க் காருக்குப் பூசிய புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

என் மூட்டு வலிக்கு வாங்கிய வெந்நீர்ப் பையை எடுத்துவந்து கதவுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தேன். இன்று தாரணிக்கு விடுமுறை. ஜன்னல் வழியாகப் பார்த்தவள் கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள்.

"என்னம்மா பண்ணுதே?"

"கதவுக்கு மூட்டு வலி."

வாசனையை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள். அங்கேயே பனியில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் மாறி மாறி ஒத்தடம் கொடுத்து ஒரு கதவைத் திறந்தோம்.

உள்ளே முன்சீட்டில் அவளுடைய குடை கிடந்தது. அதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. எடுக்கவும் இல்லை. "குளுருதும்மா, நான் உள்ள போறேன்" என்றாள்.

டிசம்பர் 29

வாரம் தவறாமல் போட்டோ போகிறது. பதிலுக்கு இப்போது கட்டைவிரல் படம் மட்டும்தான். வேலை நெருக்கடி.

ஜனவரி 15

பொங்கல். தாரணி வேலைக்குப் போய்விட்டாள். குக்கரில் ஒரு ஆழாக்கு அரிசி பொங்கி, யாரும் இல்லாத வீட்டில் நானே குலவை போட்டுக்கொண்டேன். வாசலில் கோலம் போடலாம் என்று போனால், பனிமேல் கோலமாவு எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. மஞ்சள்பொடியைக் கரைத்துக் காரின் முன்னால் ஒரு சின்னக் கோலம் போட்டேன். லூர்து வந்து போட்டோ எடுத்துக்கொண்டாள்.

மகள் வீட்டுக்குப் பொங்கல் சீர் செய்ய வேண்டும். கல்யாணமாகி ஏழு வருஷத்தில், இவள் அப்பா இறந்த வருஷம் தவிர ஒரு தடவையும் தவறியதில்லை. மாப்பிள்ளைக்கு ஊரிலிருந்தே பட்டு வேட்டியும் சட்டையும் வாங்கி வந்திருந்தேன். எங்கே வைப்பது? அவர் கையில் கொடுக்க முடியாததைக் காரில் அவர் சீட்டில் வைத்தேன். வெற்றிலை கிடைக்காததால் ஒரு எலுமிச்சம்பழம் மட்டும் மேலே. மறுநாளே அது கல் மாதிரி ஆகிவிடும் என்று தெரியும். இருக்கட்டும்.

ஜனவரி 26

மைனஸ் முப்பத்தாறு. வெளியே மூச்சு விட்டால் புருவத்தில் ஒட்டுகிறது. பிளக்கை அவ்வப்போது போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கம்பத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் பேட்டரி இன்றோடு காலி.

தாரணி இன்று கதவைத் திறந்து உள்ளே வந்தபோது இடது கையை மடக்கிப் பிடித்திருந்தாள். முழங்கையில் பெரிய கன்றல். பஸ் கதவில் இடித்துக்கொண்டாளாம். சிவப்புக் கையுறையில் ஒன்றைக் காணோம். பஸ்ஸிலேயே விழுந்திருக்கும். மஞ்சள் பற்றுப் போட்டேன். போட்டு முடிக்கும்வரை குழந்தை மாதிரி கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வண்டி எடுத்தது. இரண்டாவது திருகலில்.

பிப்ரவரி 8

காலையில் காரை வாரிவிட்டு உள்ளே வந்தேன். தாரணி வேலைக்குப் போகாமல் மேஜை முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, அந்த வண்டிய விட்டுரு."

"வண்டி என்ன பாவம் பண்ணிச்சு?"

"அவரு வரமாட்டாரும்மா. வேலைக்காகப் போகல. நாங்க ரெண்டு பேரும் பேசித்தான் முடிவு பண்ணினோம்."

இட்லி மாவு பொங்கி வழிந்துவிடும் என்று அதைப் போய்ப் பார்த்தேன். பொங்கவில்லை. இந்தக் குளிரில் எப்படிப் பொங்கும்? தோசை ஊற்றித் தரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள். பிறகு நான் ஊற்றிக் கொடுத்ததைச் சாப்பிட்டாள்.

அசதியில் ஏதோ சொல்கிறாள். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும். இவள் அப்பாவோடு நான் நாலு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். டெப்போவில் எல்லோருக்கும் தெரியும். பிறகு பேசவில்லையா?

பிப்ரவரி 9

வெள்ளி. மைனஸ் இருபத்தேழு. வண்டி முதல் திருகலிலேயே எடுத்தது. போட்டோ அனுப்பினேன்.

பிப்ரவரி 20

லூர்து நிறுத்திப் பேசினாள். "யுவர் டாட்டர், எவ்ரிடே வாக்கிங் பிக் ரோடு. ஐஸ். நோ குட், மம்மி." மெயின் ரோட்டில் ஐஸ் கெட்டியாகிவிட்டது என்கிறாள். உண்மைதான். முனிசிபாலிட்டி என்றால் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

வேலியோரக் குவியல் என் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அவ்வளவும் நான் வாரியது. இந்த வயதில் இது சும்மா இல்லை.

மார்ச் 8

நான் எழுதியபடியே நடக்கிறது!

மாப்பிள்ளை தானாக மெசேஜ் அனுப்பியிருக்கிறார். "அத்தை, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்குன்னு முன்னால காட்டும். அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்ப முடியுமா? நாலு டயரும் வேணும்." பதினைந்து வாரத்தில் அவராக ஒன்று கேட்டது இதுதான் முதல் தடவை. நாலு டயரையும் துணியால் துடைத்துவிட்டு எடுத்தேன். ஓடாத வண்டியை விசாரிக்கிறார் என்றால் ஓட்டப் போகிறார் என்று அர்த்தம். இன்ஷூரன்ஸையும் மறுபடி எடுக்கிறாராம். வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

மார்ச் 23

புதன்கிழமை வருகிறார். விமான டிக்கெட் எடுத்தாயிற்றாம். தாரணியிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

"தெரியும்மா" என்றாள். "நான் அன்னைக்கு வேலைக்குப் போயிருவேன்."

"ஏட்டி, ஒரு நாள் லீவு போட்டா என்ன?"

என்னையே பார்த்தாள். கோபமே இல்லாத பார்வை. அதுதான் பயமாக இருந்தது.

மார்ச் 27

காலையிலேயே சமையல் முடித்தேன். வெண்டைக்காய்ப் புளிக்குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல், சேமியாப் பாயசம். மூன்று பேருக்கு வைத்தேன்.

10.10-க்கு டாக்சி வந்தது. மாப்பிள்ளை இளைத்திருந்தார். கையில் ஒரு பெட்டி. செத்த பேட்டரிக்கு உயிர் கொடுக்கிற கருவியாம்.

"வாங்க மாப்பிள்ளை, வாங்க."

"எப்படி இருக்கீங்க அத்தை?" என்று கேட்டு, வாசல் மிதியடியிலேயே நின்றுகொண்டார். ஷூவைக் கழற்றவில்லை.

"சாப்பாடு தயாரா இருக்கு."

"மொதல்ல வண்டியப் பாத்துடறேன் அத்தை. ஆறு மாசமா வெளிய நின்ன வண்டி. ரோட்டுல ஓடுற நெலமைல இருக்கான்னு பாக்கணும். ரெண்டு நாள் ஆகும்னு ரூம் போட்டுட்டுத்தான் வந்திருக்கேன்."

இரண்டு நாள்! என் நெஞ்சில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இன்று 5.25-க்கு தாரணி வருவாள். நாளைக்கும் வருவாள். இரண்டு நாளில் இரண்டு வேளையாவது இந்த மேஜையில் மூன்று பேரும் உட்கார மாட்டோமா? டெப்போவில் இரண்டு நாளில் இன்ஜினையே இறக்கி ஏற்றியிருக்கிறார்கள்.

சாவியை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். நான் சொருகி வைத்திருந்த பிளக்கை அவரே உருவினார். திருகினார். முதல் திருகலிலேயே எடுத்தது. முனகல்கூட இல்லை. ஸ்டீயரிங்கில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த வெளியில் இரண்டு சுற்றுச் சுற்றி, பிரேக் பார்த்து, டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணுமே பண்ண வேண்டாம் அத்தை. எப்படிப் பாத்துக்கிட்டீங்க!"

நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்தேன். எழுதும்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் என்னையே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. ஏனென்றால் அவர் வாட்ச்சைப் பார்த்தார்.

"இப்பக் கெளம்பினா பொழுது சாய்றதுக்குள்ள ரெஜைனா போயிடலாம். கால்கரிக்குப் பாதி வழி" என்றார். போனை எடுத்து ரூமை ரத்து செய்தார்.

நான் நாலு மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்த்த பார்ப்பில் அந்த இரண்டு நாளும் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை சோம்பியிருந்தால் போதும். ஒரே ஒரு தடவை பிளக்கைச் சொருக மறந்திருந்தால் போதும்.

காரிலிருந்து தாரணியின் சாமான்களை எடுத்துப் படியில் வைத்தார். குடை, கறுப்புக் கண்ணாடி, ஒரு கொண்டை ஊசி. கடைசியில் வேட்டிப் பொட்டலம்.

"அது உங்களுக்கு மாப்பிள்ளை. பொங்கலுக்கு வெச்சது."

பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குக் கண் சிவந்துவிட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

"வேண்டாம் அத்தை. இத நான் வாங்கினாத் தப்பு. தாரணி மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல. அவளுக்கும் என் மேல இல்ல. சேந்து இருக்க முடியல, அவ்வளவுதான். அவ உங்ககிட்டச் சொல்லலியா?"

"சொன்னா" என்றேன்.

சொன்னாள்தான். பிப்ரவரி எட்டாம் தேதி. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

பாயசத்தை மட்டும் ஒரு டப்பாவில் ஊற்றிக் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டார்.

வெளியே: 10.50. உள்ளே என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

அதே நாள், மாலை

தாரணி 5.25-க்கு வந்தாள். காலி இடத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்தாள். மாப்பிள்ளைக்கு வைத்த சாப்பாட்டை இரண்டு பேரும் சாப்பிட்டோம். இரண்டு தடவை குழம்பு கேட்டு வாங்கினாள். பசியோடு இருந்திருக்கிறாள். இத்தனை நாளும் அவள் எவ்வளவு சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. காரில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது என்று தெரியும்.

"ஏன் தாயி மொதல்லயே சொல்லல?"

"ஏர்போர்ட்லயே சொல்லலாம்னுதான் வந்தேன். நீ மொதல்ல கேட்டதே மாப்பிள்ளை எங்கன்னுதான்."

தட்டில் விரலால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்.

"இந்தக் குளிர்காலத்த தனியாத் தாண்ட முடியாதுன்னு தோணுச்சும்மா. எனக்காகத்தான் உன்னக் கூப்பிட்டேன். நீ வந்து வண்டியப் பாத்துக்கிட்டே."

குத்திக்காட்டிச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள்.

மார்ச் 28

காலை 6.25. இன்று ஜன்னலில் நின்று அவள் போவதைப் பார்த்தேன். இதுவரை அந்த நேரத்தில் என் கண் காரின் மேல்தான் இருந்திருக்கிறது. வாசலில் இறங்கி, இடப்பக்கம் திரும்பாமல் வலப்பக்கம் போனாள். பத்து வீட்டையும் கடந்து, பெரிய வாசல் வழியாக, கார்கள் வழுக்கிக்கொண்டு போகிற மெயின் ரோட்டின் ஓரமாகச் சுற்றிக்கொண்டு போனாள். பதினைந்து நிமிடச் சுற்று.

பஸ் நேரம் மாறவே இல்லை.

கோட்டைக்கூடச் சரியாகப் பூட்டாமல் வெளியே ஓடினேன். வேலியோரம் நான் நாலு மாதமாக வாரிப் போட்ட மலை, அந்தச் சிமென்ட் நடையை அடைத்து, இடுக்கையும் அடைத்து நிற்கிறது. நான் வந்த முதல் வாரமே அந்த நடையைப் பார்த்து எழுதியிருக்கிறேன். பனி மூடியதும் மறந்துவிட்டேன். மாப்பிள்ளையின் நாலு சக்கரத்துக்கு வழி செய்து, அந்தப் பனியை என் மகள் போகிற வழியில் கொட்டியிருக்கிறேன்.

மண்வெட்டியால் கொத்தினேன். பாறையாக இருக்கிறது. லூர்து கடப்பாரை மாதிரி ஒன்றைக் கொண்டுவந்து, ஒன்றும் கேட்காமல் மறுபக்கமிருந்து இடித்தாள். மத்தியானம்வரை இடித்தோம். குவியலின் சரிவில், ஒரு முழ ஆழத்தில், சிவப்பாக ஏதோ தெரிந்தது. தாரணியின் கையுறை. ஒரு நாள் மட்டும் மேலே ஏறித் தாண்டப் பார்த்திருக்கிறாள். அன்றைக்குத்தான் முழங்கையில் அடி.

பனிமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். லூர்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

மாலையில் தாரணி இடுக்கு வழியாக வந்தாள். அடுப்படி ஆணியில், சாவி தொங்கிய இடத்தில், கையுறையைக் காயப் போட்டிருந்தேன். அதைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ அவ்வளவு ஆசையா வாரிக்கிட்டு இருந்தம்மா. எப்படிச் சொல்ல?"

மார்ச் 29

வெள்ளி. அனுப்புவதற்குப் போட்டோ இல்லை.

ஏப்ரல் 3

போன பனி திரும்பி வந்திருக்கிறது. இரவெல்லாம் கொட்டி, விடியும்போது முழங்கால் அளவு. ஐந்து மணிக்கே எழுந்துவிட்டேன். வாசலிலிருந்து வேலி இடுக்குவரை, அதற்கப்பால் பஸ் நிறுத்தத்துக் கம்பம்வரை, இரண்டு ஆள் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு வாரினேன். பனியையெல்லாம் கார் நின்ற காலி இடத்தில் கொண்டுபோய்க் கொட்டினேன்.

இன்று முதல் கட்டத்துக்குள்தான் எழுதப் போகிறேன்.

தாரணி.
வெளியே: 6.40.
உள்ளே: 5.10.
குறிப்பு: நடை சுத்தம். இடுக்கில் திரும்பி நின்று கையாட்டினாள்.